கப்பல் கட்சியும் தரைக் கட்சியும்

அக்காவின் கணவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் அதைச் சொன்னேன். தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று பிறகு நாலைந்து பேரிடம் சாதித்திருக்கிறேன். சுத்தப் பொய். மைக் என் கையில் இருந்தது, கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு சிரிப்பு வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. ரயிலில் கிடைத்தவர். கோலார் தங்க வயலில் அவர் வீடு பாலகாட் பகுதியில், என் வீடு உரிகத்தில். தங்க வயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற கூட்டத்தில் நாங்களும் இரண்டு பெண்கள். அவர் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்ப்பவர். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இந்த ஐந்து மணி நேரத்தை நாங்கள் ஓட்டியது ஒரு விண்வெளித் தொடரை வைத்து.

அந்தத் தொடருக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் ஊர் ரசிகர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘கப்பல்’ என்றால் போதும். பூமி வாழத் தகுதியில்லாமல் போனதும் ஒரு பெரிய விண்கலத்தில் ஏறிப் புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு சீசன் வந்துவிட்டது. கப்பலுக்குள் நாற்பது தளங்கள். எங்கள் ஊரில் யாரும் தளம் என்று சொல்ல மாட்டார்கள், சுரங்கத்தில் சொல்கிற மாதிரி லெவல் என்பார்கள். கப்பலின் லிப்ட் எங்களுக்கு கேஜ், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டின் பெயர். சுரங்கத்தில் இருபது வருஷம் இறங்கிய என் அப்பா ஒரே ஒரு எபிசோட் பார்த்தார். “கேட்ட மூடாமயே கேஜ் கெளம்புது. இவங்கள்லாம் உருப்படுவாங்களா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் வற்புறுத்தவில்லை.

முதல் ஏழு சீசன்கள் வரைக்கும் ரசிகர்களுக்குள் சண்டை இல்லை. எட்டாவதில் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், அப்புறம் கிளம்பவே இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள், தங்க வயலும் பிளந்தது. எங்கள் போன் குரூப்பில் முப்பது பேர் இருந்தோம். ஒரே வாரத்தில் கப்பல் கட்சி, தரைக் கட்சி என்று ஆகிவிட்டது. ஒருவர் கோபித்துக்கொண்டு மூன்று முறை குரூப்பை விட்டுப் போய் மூன்று முறை திரும்பி வந்தார்.

நான் கப்பல் கட்சி. போய்ச் சேருவார்களா மாட்டார்களா என்பதுதான் கதையே. சேர்ந்தபிறகு என்ன மிச்சம்? வேலி போடுவது, தண்ணீருக்குச் சண்டை, பஞ்சாயத்து. இதைப் பார்க்க நான் எதற்கு விண்வெளிக்குப் போக வேண்டும், எங்கள் தெருக் குழாயடியே போதாதா? அக்கா தரைக் கட்சி. “வாராவாரம் ஒரு எதிரி வருவான், சண்ட போடுவாங்க, போவான். அதுல இன்னா கீது? எறங்கினதுக்கு அப்பறம்தான் அவங்க மனுஷங்களா ஆனாங்க. பக்கத்து வூட்டுக்காரங்கூட பேசியாவணும், வயசாவும், புள்ளைங்க எதுத்துப் பேசும்” என்பார். அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

ஒரு நாள் எட்டாவது சீசனின் கடைசி எபிசோடை இருவரும் ரயிலில் ஒரே போனில் மறுபடி பார்த்தோம். இயந்திர அறையில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஒருத்தி, கப்பலின் கதவு திறந்ததும் வெளியே வந்து மண்ணில் உட்காருவாள். அடுத்த ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பதறி எழுவாள். இனிமேல் ஷிப்ட் இல்லை என்பான் கூட இருப்பவன். அந்த இடத்தில் அக்கா அழ ஆரம்பித்தார். மாலூர் ஸ்டேஷன் தாண்டியும் நிற்கவில்லை.

“என்னையும் யாராச்சும் இப்பிடி எறக்கி வுட்டா தேவலமா. முடியல” என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “இது வூட்ல அவரு காதுல வுழக்கூடாது. கான்ட்ராக்ட் வேல போனதுலருந்தே மனுசன் பாதியா கீறாரு. எனக்குச் சோறு கட்டிக்குடுக்கறதுக்கு விடிகாலம்பற எழுந்து சமைக்கிறாரு. நான் சந்தோசமாத்தான் போய்க்கினு வரேன்னு நெனச்சிக்கினு கீறாரு.”

“சொல்வேனா அக்கா?” என்றேன்.

குரூப் சண்டை முற்றிப்போனதும், நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. நாலு தமிழர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் பட்டிமன்றம் வைத்துவிடுவோம், அது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. சர்ச்சின் பக்கத்து ஹாலைப் பாஸ்டரிடம் கேட்டு வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நடுவர், எங்களோடு ரயிலில் வரும் பங்காருபேட்டை வாத்தியார். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், ரயிலில் தமிழ். எல்லோரும் அவரைக் கன்னடத்தில் மேஷ்ட்ரு என்போம். எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். தரை அணிக்கு அக்கா தலைமை, கப்பல் அணிக்கு நான்.

குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தொடரைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அதனால் பேச்சில் கதையைவிட கிண்டல் எடுபட்டது. அக்கா நிதானமாக, அழகாகப் பேசினார். நல்ல கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது. என் முறை வந்தது. எதிரணியைக் கலாய்க்காமல் பட்டிமன்றம் ஏது? நாலு நகைச்சுவை எடுபட்டது. ஐந்தாவதாகத்தான் இது வந்தது.

“எதிரணித் தலைவிக்குத் தரை ஏன் பிடிக்கிறது தெரியுமா? கப்பல் இறங்குகிற காட்சியைப் பார்த்து ரயிலில் மாலூர் தாண்டியும் அழுதார். என்னையும் இறக்கிவிட மாட்டார்களா, முடியலையே என்று தேம்பினார். நடுவர் அவர்களே, இவருக்கு வேண்டியது விண்வெளித் தொடர் இல்லை. வி.ஆர்.எஸ்!”

சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து விருப்ப ஓய்வு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த ஊர். ஹால் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அக்காவின் கணவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மனைவியைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்புரைக்கு அழைத்தபோது, “எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்று மைக்கைக்கூட வாங்காமல் சொன்னார். மேஷ்ட்ரு இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் வழவழவென்று ஒரு தீர்ப்பு சொன்னார். கப்பல் அணிதான் ஜெயித்தது என்று எல்லோரும் என்னிடம் வந்து கை கொடுத்தார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து அக்கா பெண்கள் பெட்டிக்கு மாறிவிட்டார். நான் அங்கே போய் நின்றால் கண்ணை மூடிக்கொண்டார். போன் எடுக்கவில்லை. மூன்று வாரம் அந்தத் தொடரையே என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா இனி என்னோடு பேசவே மாட்டாரோ என்ற பயம் வந்ததும், எனக்குத் தெரிந்த ஒரு வழியைப் பிடித்தேன். குரூப்பில் நீளமாக எழுதினேன். நான் யோசித்துப் பார்த்தேன், தரைக் கட்சி சொல்வதே சரி, இதோ ஐந்து காரணங்கள், இன்று முதல் நானும் தரைக் கட்சி. எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள்.

மறுநாள் காலை பங்காருபேட்டையில் ரயில் நின்றபோது, அக்கா தன் பெட்டியிலிருந்து இறங்கி நேராக என் ஜன்னலுக்கு வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அஞ்சு காரணமும் தப்பு” என்றார்.

“அக்கா...”

“ஏழாவது சீசன்லயே செத்துப்போன ஆளு பத்தாவதுல எப்பிடி வூடு கட்டுவான்? நீ இன்னா, சரியாவே பாக்கலியா? என்ன சமாதானம் பண்றதுக்குப் பொய்யி எழுதுற. நான் உன் கட்சி மேலயா கோவமா கீறேன்?”

பிளாட்பாரத்தில் டீ விற்பவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். “அண்ணன் உட்கார்ந்திருந்தத பாத்துட்டுத்தான் சொன்னேன் அக்கா. வாய் தவறிச் சொல்லல. நான் செஞ்சது அசிங்கம்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றார். ரயில் ஊதியது. தன் பெட்டிக்குப் போய் ஏறிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவரைப் பெண்கள் பெட்டியிலும் காணவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு மேஷ்ட்ருவிடம் கேட்டேன். “ஸ்வல்ப இருங்கம்மா, உங்களுக்குத் தெரியாதா?” என்று கன்னடம் கலந்து கேட்டுவிட்டு அவர்தான் விஷயத்தைச் சொன்னார். அக்காவின் கணவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம். பட்டிமன்றத்துக்கு மறுநாளிலிருந்தே வேலை தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். அக்கா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளுக்குச் சீட்டுப் பதிகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். நடந்தே போய்வருகிற தூரம்.

எனக்கு உண்மையாகவே ஆனந்தமாக இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். என்னால்தானே இதெல்லாம் நடந்தது என்று ஒரு அற்ப எண்ணமும் கூடவே எட்டிப்பார்த்தது. அந்தத் தைரியத்தில்தான் போன் செய்தேன். இந்த முறை எடுத்தார். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்.

“நல்லது நடந்துச்சின்னு நீ பண்ணது நல்லதாயிடாது. அவரு ரெண்டு நாள் சோறு துன்னல. அது உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று மறுபடி சொன்னேன். “ஞாயித்துக்கெழம வா. அவருக்கு உன்னப் பாக்கணுமாம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எதற்குக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல்தான் பாலகாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர்தான். பெரிதாக ஒரு சிரிப்பு. உள்ளே டிவியில் கப்பலின் நீலத் தாழ்வாரம் அசையாமல் நின்றிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலங்களில் இருவரும் முதலிலிருந்து பார்க்கிறார்களாம், நாலாவது சீசன் ஓடுகிறதாம்.

“நான் உன் கட்சிமா” என்றார் அவர். “கப்பல்தான் ஜோரு. இவ தரை தரைன்றா. தரைல இன்னா கீது?”

“உள்ளயே இருந்து சாவுங்க ரெண்டு பேரும்” என்றார் அக்கா, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றபடி. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அண்ணன் என் பக்கம் குனிந்தார். “ஒண்ணு கேக்கணும்னுதான் உன்ன வரச்சொன்னேன். அந்த கேப்டன் பொம்பள கடசி வரைக்கும் வராளா? எத்தினி வாட்டி கேட்டாலும் இவ வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீதான் எல்லாத்தையும் சொல்ற ஆளாச்சே. சொல்லு.”

அவர் முகத்தில் கிண்டல் இருந்தது, கோபம் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கேப்டனுக்கு என்ன ஆகிறது, எந்த சீசனில், எந்த எபிசோடில், யார் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொல்கிறாள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காட்சியைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் முந்திக்கொண்டு நடித்தே காட்டுகிறவள் நான். அக்கா கரண்டியை அசைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதுண்ணா” என்றேன். “நீங்களே பாருங்க.”

அண்ணன் உச்சுக்கொட்டிவிட்டு ரிமோட்டை எடுத்தார். அக்கா உள்ளே போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏம்மா, சாப்ட்டுட்டுத்தான போவ?”