ஒன்பதாம் நாள் போன டீ-ஷர்ட்

1. கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்ததும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தேன்.
2. எங்கள் ஊரான மண்ணரையில் வீட்டில் தொலைபேசி இல்லாததால், அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் ஃபேக்ஸ் எண்ணைக் கொடுத்தேன்.
3. இடம் கிடைத்துவிட்டதாகவும், பத்து நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்றும் ஃபேக்ஸ் வந்தது.
4. அது என் கைக்கு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் கம்பெனி மெர்ச்சண்டைசர் அந்த ஃபேக்ஸில் என் பெயரைப் பார்த்துவிட்டு அப்பாவையும் என்னையும் கூப்பிட்டார்.

“மேல யுனிவர்சிட்டி முத்திரை இருந்துச்சுங்க. டீ-ஷர்ட் ஆர்டர்னு நெனச்சுப்போட்டனுங்க. பத்து நாள்னு வேற போட்டிருந்துச்சா, முத்திரையை பிரிண்ட் பண்ணி ஒம்பதாம் நாளே சாம்பிள் அனுப்பிட்டனுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். “அப்ப பதில் போன மாதிரிதானே, கண்ணு?”

நடந்ததை விளக்கிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். டீ-ஷர்ட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இடத்தைப் பட்டியலில் அடுத்திருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அடுத்த இரண்டு வருடமும் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. பட்டம் பெற்று மூன்று வருடம் ஆகாதவர்களுக்குத்தான் அந்த ஃபெலோஷிப். எனக்குப் போன மாதத்தோடு மூன்று வருடம் முடிந்துவிட்டது.