கேட்கவில்லை என்று நான் சொன்ன காட்டுக்கோழி

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். ரொறன்ரோவில் பிரஸ் மெசின் ஃபக்ரரி ஒன்றில் சேர்ந்த முதல் கிழமையே எனக்குச் சூடு விழுந்தது. இடக்கையால் மட்டும் பிடிக்கிற ஸ்பானர் வாங்கி வரச்சொல்லி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அப்படி ஒரு சாமான் உலகத்திலேயே கிடையாது. வெறுங்கையோடு திரும்பினேன், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் பக்கத்து மெசின் பின்லாந்துக்காரர். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவரோடுதான். நான் எங்கள் பழமொழி ஒன்று சொல்வேன். அவர் தங்களுடையதில் ஒன்று சொல்வார். எழுபதுகளின் நடுவில் எனக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதம் அதுதான். அதுவும் பகிடியாகிப் போனால்?

ஒரு ஏப்ரலில் அவர் கேட்டார். "காட்டிலை ஒரு கோழி இருக்கு. மரக்குற்றியிலை ஏறி நிண்டு செட்டையடிச்சால் எஞ்சின் ஸ்ரார்ட் பண்ணின மாதிரிக் கேக்கும். சனிக்கிழமை வாறியோ?"

ஒரு காகித மட்டையில் படம் கீறியும் காட்டினார். மண்ணிறம், தலையில் சின்னக் கொண்டை, கழுத்தில் கறுப்பு இறகு, விசிறி வால், வாலின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டி. கண்ணுக்கு மேலே சிவப்பும், கறுத்த வாலில் மண்ணிற நுனியும் இருந்தால் அது இன்னும் வடக்கே திரிகிற வேறு சாதியாம்.

என்னோடு அறையில் இருந்தவர் மதராஸிலிருந்து படிக்க வந்த தம்பி. கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏண்ணே, கோழி எஞ்சின் மாதிரி கத்துமா? ஸ்பானரை மறந்துட்டீங்களா?"

"அவர் அப்பிடியான ஆளில்லைத் தம்பி."

"நீங்க பேசறப்போ கண்ணைப் பாக்காம வாயையே பாக்கறார்னு சொன்னீங்களே, அது எதுக்காம்? உங்க இங்கிலீஷைத் திங்கக்கிழமை எல்லாருக்கும் பேசிக் காட்டத்தான்!"

அந்த வார்த்தை கறையான் மாதிரி உள்ளே இறங்கிவிட்டது.

சனிக்கிழமை விடியவே கிளம்பினோம். நகரத்துக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் பக்கம் அப்போது பண்ணையும் காடும்தான். காரை விட்டிறங்கி, ஈர இலைகளின் மேல் நடந்து போய் ஓரிடத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் வந்தது. டுக்... டுக்... டுக்... டுக்டுக்டுக்டுர்ர்ர். சரியாக எங்கள் ஊர்த் தோட்டத்து இறைப்பு மெசின் ஸ்ரார்ட் ஆகி, உடனே நின்றுபோனது போல. காதைவிட நெஞ்சிலேதான் கூட அடித்தது. காட்டுக்கு எவன் தண்ணீர் இறைக்கிறான்? என்னைப் பகிடி பண்ண மெசினோடு ஆளை ஒளித்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். "கேக்குதோ?"

ஓம் என்றால் அகப்பட்டேன். "இல்லை."

திரும்பவும் டுக்டுக். திரும்பவும் கேட்டார். "இல்லை." மூன்றாம் தரமும் அதே பொய்.

அவருடைய முகம் மலர்ந்த மாதிரியை இன்றைக்கும் மறக்க ஏலாது. என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப என்ரை காதிலை பிழையில்லை! போன வருசமும் கேக்கேல்லை. பிரஸ் மெசின் காதைத் திண்டிட்டுது எண்டு பயந்தன். இளங்காது, உனக்கும் கேக்கேல்லை. கோழிதான் இடம் மாறிப்போட்டுது!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, கோழி மறுபடி அடித்தது. என் நெஞ்சு அதிர்ந்தது. அவருடைய சிரிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. சத்தத்தின் பக்கம் கண்ணும் திரும்பவில்லை.

வாயைப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தச் சந்தோசத்தோடு அவரை வீட்டுக்குப் போக விட்டிருக்கலாம். ஆனால் நான் பொய்யால் கொடுத்த சந்தோசம் அது. கையைப் பிடித்து, சத்தம் வந்த திக்கில் மெல்லக் கூட்டிக்கொண்டு போனேன். பாசி பிடித்த குற்றியில் அது நிமிர்ந்து நின்றது. கொண்டை, விசிறி வால், கறுப்புப் பட்டி, எல்லாம் மட்டையில் கீறியபடியே. செட்டை குற்றியில் படவேயில்லை, வெறுங்காற்றைத்தான் அடித்தது. அடிக்க அடிக்க, அதே தாளத்தை அவருடைய முதுகில் என் விரல்களால் தட்டினேன்.

அவர் திரும்பவில்லை. கோழி அடித்து ஓய்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எத்தினை தரம் கேட்டது?"

"எல்லாத் தரமும்."

"ஏன் இல்லையெண்டு சொன்னனி?"

ஸ்பானரை நினைத்துப் பயந்தேன் என்று சொன்னேன். அவர் பிளாஸ்கைத் திறந்து, முதல் கோப்பியை எனக்கு ஊற்றினார்.

திங்கட்கிழமை மத்தியானம், வழக்கமான கதிரையை விட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். பேசும்போது என் வாயில் வெளிச்சம் விழவேண்டும்.