வாயிலில் சொன்ன சொல்

எங்கள் மருத்துவமனையின் பழைய இரும்புக் கதவு திறக்கும்போது பாதியில் ஒருமுறை சிக்கிக்கொண்டு, பிறகுதான் வழிவிடும். குணமாகி வீடு திரும்புகிறவர்கள் அந்தச் சிறு தடங்கலில் நின்று, உட்பக்கம் திரும்பிப் பார்த்து, “போறேனுங்க” என்பார்கள். விடைபெறும்போது தமிழர் எவரும் எளிதில் சொல்லத் துணியாத சொல் அது. “போயிட்டு வாரேன்” என்பதே முறை. வெறுமனே “போறேன்” என்றால் கேட்பவர் முகம் வாடும். கொல்லிமலையில் எங்கள் வாயிலில் மட்டும் அந்த முறை தலைகீழாயிற்று. அதைத் தலைகீழாக்கியவர் எங்கள் தலைமைச் செவிலியர். அவர் என் மனைவி.

நாங்கள் மலையேறி வந்த புதிதில் மருத்துவமனை என்பது ஓடு வேய்ந்த இரண்டு அறைகள்தாம். மலையூர்த் தொகுதிகளை இங்கே நாடு என்பார்கள்; அவற்றுள் ஒன்றான திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு விவசாயி கால்புண்ணுக்காக வருவார். கட்டுப் போட்டு அனுப்பினால் அதோடு சேற்றில் இறங்கிவிட்டு, மறுபடியும் சீழ் பிடித்த காலோடு வந்து நிற்பார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், “வாரேனுங்க சிஸ்டர்” என்பார். ஒருநாள் என் மனைவி கட்டுத்துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எதுக்குங்க வாரீங்க? மரவள்ளிக் காட்டுல வேலை இல்லீங்களா? வாரேன் வாரேன்னு சொல்லித்தான் காலு ஆறமாட்டேங்குது. போறேன்னு சொல்லுங்க.”

“அப்படிச் சொன்னா ஊட்டுல வைவாங்க சிஸ்டர்.”

“ஊட்டுல சொல்லாதீங்க. இங்க சொல்லுங்க.”

அவர் கூச்சத்தோடு, தரையைப் பார்த்தபடி சொன்னார். சொன்னதாலா, சேற்றில் இறங்காததாலா, அந்தப் புண் ஆறியது. அதன்பின் அவர் சந்தையில் எதிர்ப்பட்டாரே தவிர, மருத்துவமனைக்கு வரவில்லை. செய்தி அரியூர் நாடு வரை போய், அதுவே எங்கள் வாயிலின் வழக்கமாகிவிட்டது.

ஆண்டுகள் செல்லச் செல்ல மருத்துவமனை வளர்ந்தது. பிரசவப் பகுதி எழுந்தது, ஆய்வுக்கூடம் வந்தது, தூளியில் சுமந்து வரப்பட்டவர்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஆண்டு விழாவில் வாசிக்கும் அறிக்கையை நானே எழுதுவேன். முதல்நாள் அதை மனைவிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். வீட்டில் என்னை “ஏனுங்க” என்று அழைப்பவர், அறிக்கை கையில் இருந்தால் மட்டும் “டாக்டர்” என்பார். நோயாளிகளின் வருகை கூடியதை நான் பெருமிதத்தோடு வாசித்தால் குறுக்கிடுவார்: “கூட்டம் கூடுச்சுன்னு சந்தோஷப்பட நாம என்ன சினிமாக் கொட்டாயா நடத்தறோம் டாக்டர்? திரும்ப வராதவங்களப் பத்தி ஒரு வரி எழுதுங்க.” திரும்ப வராதவர்கள் இரு வகை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனாலேயே அந்த வரியை நான் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்று அவரும் கேட்டதில்லை.

அவருடைய கணையத்தில் கட்டி இருக்கலாம் என்று எங்கள் ஆய்வுக்கூடமே முதலில் ஐயுற்றது. அதற்குரிய சிகிச்சை மலைமேல் இல்லை. அந்த ஆண்டின் சாதனையாக நான் குறித்து வைத்திருந்த புதிய ஆம்புலன்ஸில்தான் அவரைக் கீழே அழைத்துச் சென்றோம். ஊழியர்கள் அனைவரும் வாயிலில் நின்றிருந்தார்கள். அவர் எந்தச் சொல்லைச் சொல்வார் என்று அவர்கள் காத்திருந்ததை, பக்கத்தில் அமர்ந்திருந்த நான் உணர்ந்தேன். நானும் காத்திருந்தேன். பிரசவப் பகுதியில் நெடுநாள் வேலை செய்த ஆயா, வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“சிஸ்டர், நீங்க வாரேன்னு சொல்லுங்க சாமி. உங்களுக்கு இது வேலை செய்யற எடமுங்க.”

என் மனைவி தம் மணிக்கட்டில் ஏற்றியிருந்த ஊசியைக் காட்டினார். “இதோட படுத்திருக்கறவளுக்கு இது ஆஸ்பத்திரி கண்ணு. உங்களுக்கெல்லாம் ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?” என்று சிரித்தார். பிறகு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “போறேன்” என்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கும்போது என் கையைப் பற்றியிருந்தார். குணமாகிப் போகிறவர்களின் சொல்லாகத்தான் அதை அவர் சொன்னார் என்று நான் எனக்கே பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். சில வாரங்களில், கீழேயே, எல்லாம் முடிந்தது.

இந்த ஆண்டின் விழாவுக்கு, பணியை விட்டுவிட்ட என்னையும் அழைத்திருந்தார்கள். அறிக்கையை இப்போது இளம் மருத்துவர் ஒருவர் எழுதுகிறார். டயாலிசிஸ் பிரிவு தொடங்கியது, புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் முகாம்கள் ஊர் ஊராக நடப்பது எல்லாம் அதில் இருந்தன. நல்ல அறிக்கை. கை தட்டினேன்.

விழா முடிந்து வெளியே வந்தேன். பழைய கதவு இருந்த இடத்தில் ஓசையின்றி நகரும் புதிய கதவு இருக்கிறது. அது எங்கும் சிக்குவதில்லை. ஓய்வு பெற்றுவிட்ட ஆயா அதன் அருகே பேருந்துக்காக நின்றிருந்தார். “கெளம்பிட்டீங்களாங்க டாக்டர்?” என்றார்.

“வாரேன்” என்றேன்.

அந்த வாயிலில் சொல்லக்கூடாத சொல் அது என்பது இருவருக்கும் தெரியும். ஆயா திருத்தவில்லை.

“வாங்க சாமி” என்றார்.