சரிவை மறித்த கல்வெட்டு

1. மாடியில் கூட்டம்

மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி செய்து தரலாம் என்று பேசுகிற கூட்டத்தை மாடியில் வைத்தார்கள். லிப்ட் கிடையாது. செங்குத்தான படிக்கட்டு. கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், சக்கர நாற்காலியில் தமிழ்ச்செல்வி உட்கார்ந்திருந்தாள். யாருக்காகக் கூட்டமோ அவள் கீழே, மற்ற எல்லோரும் மேலே.

எங்கள் விருத்தாசலத்திலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி அது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தாங்கள் யோக்கியம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன். பீங்கான் கம்பெனியில் மண் சுமந்து, சூளையில் சரக்கு அடுக்கி, பிறகு டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குத் தாவி, மேஸ்திரியாகி, காண்ட்ராக்டர் ஆனவன். எனக்கு யாரும் கைதூக்கி விடவில்லை. வேப்பூரிலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் தரை நன்றாக இருந்தாலும் விசாரித்துப் பாருங்கள், என் பெயர்தான் வரும். தரை மோசமாக இருந்தால் விசாரிக்கவே வேண்டாம், அது நான் போட்டது இல்லை.

அந்தப் பேரூராட்சியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வரிசைக் கடை கட்டினார்கள். தரை வேலையும் முகப்பு வேலையும் என்னுடையது. அதில் ஒரு கடை மாற்றுத்திறனாளிக்கு என்று ஒதுக்கி, குலுக்கலில் தமிழ்ச்செல்விக்கு விழுந்திருந்தது. அவளுக்குச் சின்ன வயதில் போலியோ. இரண்டு காலும் நிற்காது. எங்கள் ஊர்க் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதியவள். நான் சூளையில் இருந்த காலத்திலேயே அவள் அப்பாவைத் தெரியும்.

“என்ன தமிழு, இங்கயே உக்காந்துட்ட? மேல உங்க கூட்டம்தானே?” என்றேன்.

“மேல பேசி முடிச்சுட்டுக் கீழ வந்து சொல்றாங்களாம் மேஸ்திரி. எனக்கு என்னா வேணும்னு அவங்களே பேசிக்கறாங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேலே போனேன். தலைவர், செயல் அலுவலர், என்ஜினீயர், நாலைந்து கவுன்சிலர்கள் இருந்தார்கள். மேஜையில் டீயும் மிக்சரும் இருந்தன.

“கூட்டத்துக்கு வர வேண்டிய ஆளு கீழ வெயில்ல இருக்குது தலைவரே” என்றேன்.

“அவங்களுக்காகத்தான்யா பேசிக்கினு இருக்கறோம். உக்காரு, டீ சாப்புடு” என்றார் தலைவர்.

என்ஜினீயர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். சின்ன வயசுப் பையன், நன்றாகவே போட்டிருந்தார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில், முகப்பு ஓரமாகச் சரிவுப் பாதை, கைப்பிடி, மேலே நாற்காலி திரும்ப இடம். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு மாடியில் இருந்த ஒவ்வொருவருக்கும் விதி தெரியும். இதைப் படிக்கிற பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. தெரியாமல் நடந்த தப்பு இல்லை நான் சொல்லப்போவது.

2. கல்வெட்டு

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்ததும் கல்வெட்டு வந்து இறங்கியது. கறுப்புக் கிரானைட். ஆளுயரம். தலைவர் பெயர் தொடங்கி வார்டு உறுப்பினர்கள் வரை மஞ்சள் எழுத்து. அதற்கு ஒரு பீடம் கட்ட வேண்டும் என்றார்கள். எங்கே என்று கேட்டேன்.

தலைவர் முகப்பில் நடந்து வந்து, செருப்புக் காலால் தரையில் ஒரு கோடு இழுத்தார். “இங்க.”

அது சரிவுப் பாதையின் நட்ட நடு.

“தலைவரே, அங்க ரேம்ப் வருது” என்றேன்.

“கொஞ்சம் சுருக்கிக்க.”

“சுருக்குனா ஏற முடியாது. செங்குத்தா நிக்கும்.”

“யோவ், சரிவுன்னா சாஞ்சு இருக்கணும், அவ்ளோதானே? சாஞ்சுதானே இருக்குது? கல்வெட்ட கக்கூசு பக்கம் வைக்கச் சொல்றியா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என்ஜினீயரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்தார். அப்புறம் தனியாக வந்து, “எனக்கு டிரான்ஸ்பர் வாங்கிக் குடுத்துறாதீங்க மேஸ்திரி, இப்பதான் வூடு மாத்தினேன்” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் ரோட்டை வளைப்பார்கள். சாக்கடையை வளைப்பார்கள். கல்வெட்டை மட்டும் அசைக்க மாட்டார்கள். கட்சி மாறினால் சாக்குப் போட்டு மூடுவார்கள், அவ்வளவுதான். விழா முடிந்து திரை விலகிவிட்டால் அந்தக் கல் அங்கேயே கிடக்கும். பொம்பளைப்பிள்ளை ஒருத்தி கடைக்கு ஏறுவதற்காக யார் நகர்த்தப் போகிறார்கள்?

போதாக்குறைக்குத் தலைவருக்கு இன்னொரு ஆசை. பாதைக்கும் பளபள டைல்ஸ்தான் வேண்டுமாம். “பீங்கான் ஊருக்குப் பக்கத்துல இருந்துகினு சொரசொரன்னு போட்டா எவனாச்சும் மதிப்பானா?” இது எங்கள் வட்டாரத்துக்கே பிடித்த வியாதி. சாமி ரூமிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை பளபளக்க வேண்டும். மழை பெய்து இரண்டு சொட்டு விழுந்தால் அதில் மாடே வழுக்கும்.

என் கை பட்ட தரையில் இதுவரை ஒருத்தரும் விழுந்தது இல்லை. அந்தப் பெருமையின் மேலேயுமா இந்த ஆள் செருப்பால் கோடு இழுக்கிறார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

3. “என் காலை வாடகைக்குக் கேக்கறியா?”

பீடத்துக்கு இடம் விட்டு, பாதிக்கும் குறைவாகச் சுருங்கிய சரிவுக்கு வெறும் கான்கிரீட் போட்டு வைத்திருந்தோம். தமிழ்ச்செல்வி பார்க்க வந்தாள்.

“இது என்னா மேஸ்திரி? லாரியில எருமை ஏத்தற பலகையா?”

“நான் போட்டது இல்ல. போடச் சொன்னது.”

“ஏறிப் பாக்கறேன், இருங்க.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் சக்கரத்தைத் தள்ளினாள். பாதி போனதும் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. நான் பிடித்திருக்காவிட்டால் மண்டை கான்கிரீட்டில் அடித்திருக்கும். அவள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அழவில்லை. கையை உதறிக்கொண்டு என்னை முறைத்தாள். தப்புச் செய்தவன் நான் என்பது போல இருந்தது அந்த முறைப்பு.

இதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தான். ஒரு கவுன்சிலரின் மச்சான். அந்தக் கடை மேல் அவனுக்கு முதல் நாளிலிருந்தே கண்.

“எதுக்கு தங்கச்சி இந்தக் கஷ்டம்? பேரு உன்னுதாவே இருக்கட்டும். யாவாரத்த நான் பாத்துக்கறேன். மாசம் பொறந்தா வாடகைய வூட்டுலயே கொண்டாந்து குடுத்துடறேன். நீ காலாட்டிக்கினு உக்காந்து சாப்புடலாம்.”

“ஆட்டறதுக்கு வராத காலு இது. அதைத்தான் வாடகைக்குக் கேக்கறியா?” என்றாள். “இந்தக் காலு இருக்கறதாலதானே கடை எனக்கு வந்துச்சு? அத வச்சு நீ பொழைக்கணுமா? போ அந்தாண்ட.”

அவன் போனான். ஆனால், “விழாவன்னிக்கு நீ எப்படித் தொறக்கறேன்னு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒதுக்கீடு வாங்கியவர் தானே கடை நடத்த வேண்டும், திறப்பு விழாவன்றே சாவி வாங்கித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்து செய்து ஏலம் விடுவார்கள் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதி மட்டும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஏலத்தில் யார் எடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

தமிழ்ச்செல்வி நேராகத் தலைவரிடம் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

“விழாவன்னிக்கு நாலு பசங்க நாற்காலியோட தூக்கிடுவானுங்கம்மா. போட்டோவுக்கும் நல்லா இருக்கும்” என்றார் அவர்.

“மறுநாளு யாரு தூக்குவாங்க?”

“அதான் ஊருல இத்தினி பேரு இருக்கறோமே.”

“ஒண்ணுக்குப் போகணும்னா ஊரக் கூப்புடவா? டீ குடிக்க எறங்கினா? கடைய மூடிட்டு வூட்டுக்குப் போறப்ப? நான் யாவாரம் பண்ண வரேன் தலைவரே, பல்லக்குல போறதுக்கு வரல.”

“பொம்பளைக்கு வாயப் பாரு” என்று எழுந்து போய்விட்டார்.

வாங்கி வைத்த சாமான்களோடு எங்கே போவது என்று அவள் என்னிடம்தான் கேட்டாள். கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கப்பும் சாசரும் ஜாடியும் பொம்மையும் வாங்கி வீட்டில் அடுக்கியிருந்தாள். வீட்டுக்குள் நாற்காலி உருள வழி இல்லை, உட்கார்ந்து தின்ன இடம் இல்லை.

4. போட்டோ

நான் விட்டுவிடவில்லை. தலைவர் வீட்டுக்குப் போனேன். விதியைச் சொன்னேன். வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். உங்களுக்கும் முழங்கால் வலி இருக்கிறதே, நாளைக்கு நீங்களும் இதில் ஏற வேண்டாமா என்று கேட்டேன். பாவம் புண்ணியம் பேசினேன். கத்தினேன். அவர் மனைவி வந்து, “அண்ணே, பி.பி. ஏறிடப் போவுது, மோராவது குடிங்க” என்றார். மோர் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன். அந்த மனிதர் கேட்டுக்கொண்டே பேனர் டிசைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகம் சின்னதாக வந்திருக்கிறது என்று பிரஸ்காரரிடம் போனில் சண்டை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவரிடம் எதைப் பேச வேண்டும் என்று.

“தலைவரே, கல்வெட்டு தரையில இருந்தா விழாவன்னிக்கு முன்னால நிக்கற கூட்டம் மறைச்சுடும். போட்டோவுல ஒரு எழுத்துத் தெரியாது. விழா முடிஞ்சா அது மேல பைக்கச் சாச்சு வைப்பானுங்க, பழக்கூடை வைப்பானுங்க. நுழையற எடத்துல செவுத்துல பதிச்சுட்டு, மேல ஒரு லைட்டு போட்டா? பஸ்ஸுல போறவன் கூடப் பேரைப் படிப்பான்.”

பேனரைக் கீழே வைத்தார்.

“லைட்டு ராத்திரியும் எரியுமா?”

“எரியும்.”

“பீடத்துக்கு வாங்குன கல்லு?”

“செவுத்துக்கே பார்டர் கட்டிடறேன்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? ஆளத் தொந்தரவு பண்ணிக்கினு!”

கல்வெட்டு நகர்ந்தது. வேறு யாராவது என்றால் இதைத் தன் சாமர்த்தியம் என்று பெருமையடிப்பார்கள். நானும் நாலு இடத்தில் அடித்தேன்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக இருக்கும்போது நினைத்தால் வாய் கசக்கிறது. ஒருத்தி கை உரிந்து வந்து கேட்டபோது அசையாத மனிதர், லைட் என்றதும் அசைந்தார். நியாயத்தை இப்படித்தான் பின்வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்றால், முன்வாசலில் பலகை மாட்டி ஆபீஸ் எதற்கு?

தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

“எதுக்கோ நகந்துச்சு. இப்ப அளவு சரியா வருமா?”

“என்கிட்டயே அளவு கேக்கறியா?”

“ஆமா. மத்தவங்ககிட்ட கேட்டா கூட்டம் போட்டுடுவாங்க.”

பழைய கான்கிரீட்டை உடைத்தேன். வரைபடத்தில் இருந்த நீளத்துக்கே இழுத்தேன். சொரசொரப்பான டைல்ஸ் பதித்தேன். கேட்டதற்குப் பளபள டைல்ஸ் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டேன். வேலை நடக்கும்போது அவள் தினமும் வந்து நாற்காலியை உருட்டிப் பார்த்தாள். ஷட்டர் இறங்குகிற இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு மேடு இருந்தது. சக்கரம் தட்டுகிறது என்றாள். அதையும் உடைக்க வைத்தாள். நான் திட்டிக்கொண்டேதான் உடைத்தேன்.

5. கைதட்டல்

அவள் சாமான்களை முதல் நாளே கடைக்குள் இறக்கி, பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்திருந்தோம். விழாவன்று பந்தல், மைக், சால்வை. கல்வெட்டுக்கு மேல் பட்டப்பகலில் லைட் எரிந்தது. தலைவர் படியேறி ரிப்பன் வெட்டினார். மைக்செட்காரர் தமிழ்ச்செல்வி பெயரைச் சொன்னதும் வெள்ளைச் சட்டை போட்ட நாலு பையன்கள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார்கள். பக்கத்தில் பாதை இருக்கிறது. புதுசாக, நீளமாக, கைப்பிடியோடு இருக்கிறது. ஆனாலும் தூக்க வந்தார்கள். போட்டோகிராபர் ரெடியாக நின்றார்.

“கைய எடுங்க” என்றாள்.

“அக்கா, தலைவர் சொல்லியிருக்காரு.”

“கைய எடுன்றேன்ல.”

எடுத்தார்கள். அவள் பாதையின் அடியில் நாற்காலியைத் திருப்பி, சக்கரத்தைத் தள்ள ஆரம்பித்தாள். நிதானமாக ஏறினாள். ஒரு இடத்தில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ள நாற்காலியை நிறுத்தினாள். அவ்வளவுதான், கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. மைக்செட்காரர், “தன்னம்பிக்கையின் சிகரம்! தமிழ்ப்பெண்ணின் வீரம்!” என்று அலறினார். விசில் பறந்தது. தலைவரும் தட்டினார். என் தரை, என் பாதை என்கிற சந்தோஷத்தில் நானும் தட்டினேன்.

மேலே போனாள். சாவியை வாங்கினாள். நாற்காலியைக் கூட்டத்துப் பக்கம் திருப்பினாள். பேசப் போகிறாள் என்று மைக்செட்காரர் மைக்கை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மைக் ஆன் பண்ணித்தான் இருந்தது.

“இப்ப எதுக்கு எல்லாரும் கைதட்டறீங்க? தலைவரு படியேறி வந்தாரே, அப்ப நான் தட்டினேனா?”

கைகள் நின்றன. என் கையும்.

“உள்ள கப்பு, ஜாடி, பொம்மை எல்லாம் இருக்குது. வாங்கறவங்க வாங்க. வேடிக்கை பாக்கறவங்க வழிய வுடுங்க.”

ஷட்டரின் பூட்டைத் திறந்தாள். தூக்கிவிட ஒருவன் போனான். அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான். ஷட்டரை அவளே மேலே தள்ளினாள்.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்தவனையும் சேர்த்துக் கூட்டத்தோடு சாத்திவிட்டாளே என்று. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என்னையே கேட்டுக்கொண்டேன்: ஆயுசு முழுக்க எத்தனை படிக்கட்டு கட்டியிருப்பேன்? ஒரு படியையாவது தர்மம் என்று நினைத்துக் கட்டியிருப்பேனா? படி கட்டுவது வேலை. சரிவு கட்டுவதும் அதே வேலைதான். அதற்கு மட்டும் எதற்கு மாலை, மைக், சால்வை? வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏறப்போகிற ஆளைக் கூப்பிட்டு உருட்டிப் பார்க்கச் சொல்லாமல் ஒரு சரிவிலும் டைல்ஸ் பதிக்காதீர்கள். அவர் திட்டினால் உடைத்துப் போடுங்கள். முடித்த பிறகு யாரிடமும் நன்றி எதிர்பார்க்காதீர்கள்.

போன மாதம் இன்னொரு ஊரிலிருந்து போன் வந்தது. மாற்றுத்திறனாளிகள் வசதி பற்றிக் கூட்டமாம், அனுபவஸ்தர் என்கிற முறையில் நான் வர வேண்டுமாம்.

“கூட்டம் எந்த மாடியில?” என்றேன்.

“மொத மாடிங்க. ஏ.சி. ஹாலு.”

“கீழ மரம் கிரம் ஏதாச்சும் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அங்க நாற்காலியப் போட்டுட்டுப் போன் பண்ணுங்க. வரேன்.”

இன்னும் போன் வரவில்லை.