டேப்லெட் மேல் கவிழ்த்த ஹெல்மெட்

எண்ணூரில் ஓர் எண்ணெய் டேங்க் யார்டில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டேங்க் கழுவ இறங்குகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே சரியில்லை என்று தோன்றினால் ஹெல்மெட்டைக் கழற்றி மேன்ஹோல் கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். நான் மீட்டர் வைத்து கேஸ் பார்க்கும்வரை வேலை நிற்கும்.

இது போதாதென்று, டேங்க்கில் இறங்கச் சம்மதம் என்று நுழைவு கேட்டிலேயே பதிவு செய்ய மேலிடம் ஒரு டேப்லெட் வாங்கியது. திரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பட்டன், 'சம்மதம்'. சம்மதமில்லாதவனுக்கு மூலையில் எறும்பு சைஸில் 'பிறகு'. அதைத் தொட்டால் மறுபடி அதே பச்சைதான் வரும். பச்சையை அமுக்காவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். இதற்குப் பெயர் யூசர் ஃப்ரெண்ட்லியாம். கர்மம்!

ஒருநாள் காலை வியாசர்பாடி அந்தோணி மேன்ஹோலை எட்டிப் பார்த்தார். உடனே பின்வாங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார்.

"நாத்தம் வேற மாரி கீது சார். நான் எறங்க மாட்டேன்."

மேஸ்திரி டேப்லெட்டை நீட்டினார். "கேட்லயே சம்மதம் குட்த்துட்ட. இப்ப இன்னா?"

கொடுத்தது அந்தோணியா? கேட்டில் க்யூ நகரவேண்டும் என்று எல்லார் பேருக்கும் மேஸ்திரியே பச்சையை அமுக்கிவிடுவார். நான் மீட்டரை உள்ளே இறக்கினேன், அது அலறியது. அந்தோணி இறங்கியிருந்தால் பிணமாகத்தான் தூக்கியிருப்போம்.

மேனேஜருக்கோ வேறு கவலை. சம்மதம் கொடுத்துவிட்டு வேலையை மறுத்தார் என்று அந்தோணியை நீக்கப் பார்த்தார். நான் திரையை டிசைன் பண்ணியவரையும் விசாரணைக்குக் கூப்பிட வைத்தேன். இஸ்திரி கலையாத சட்டையில் வந்து உட்கார்ந்தார்.

"மாட்டேன்னு சொல்ல எங்க தொடணும் தம்பி?" என்று கேட்டேன்.

"அந்த ஆப்ஷன் ரிக்வயர்மென்ட்லயே இல்ல சார். வேலை ஸ்லோ ஆகும்னு சொன்னாங்க."

ஆகா, என்ன அக்கறை! மனுஷன் சாகலாம், வேலை மட்டும் ஸ்லோ ஆகக்கூடாது.

அந்தோணி ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் இருந்த டேப்லெட் மீது கவிழ்த்தார். அதை எடுக்கச் சொல்லி மேனேஜர் மேஸ்திரிக்குக் கை காட்டினார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டார்.

"அத்த நான் தொட மாட்டேன் சார்."

அந்தோணியின் வேலை தப்பியது. பச்சைக்குப் பக்கத்தில், அதே அகலத்தில், 'மாட்டேன்' என்று ஒரு சிவப்புப் பட்டனும் வந்தது. திரை வரையக் கற்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: முதலில் அந்தச் சிவப்பை வரையுங்கள். அது இல்லாமல் நீங்கள் வாங்குவது சம்மதமே இல்லை.