ஏழு மணி ரத்தம்

வீட்டில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர். முடக்குவாதம் வந்த எலிகளின் முழங்கால்களைப் பார்த்துப் பார்த்தே முனைவர் பட்டம் வாங்கியவள். "ஊருக்கே மூட்டு வலி. நீ எலிக்கு மட்டும் வைத்தியம் பாரு" என்று அண்ணன் சீண்டுவான். உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவன், வாசலை அடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவான்.

பட்டம் வாங்கிய கையோடு, மூட்டு நோய் ஆராய்ச்சியில் இளம் விஞ்ஞானிகளைப் பழக்கும் பயிற்சி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியை ஒட்டிய கட்டடம். அங்கே ஒரு கண்டிப்பு: ஆய்வகத்துக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் கிளினிக்கில் உட்கார வேண்டும், மருத்துவர்கள் ஒரு நாள் ஆய்வகத்தில் வேலை பார்க்க வேண்டும். மனிதர்கள் என்றாலே அவளுக்குக் கூச்சம். எலிகளாவது கேள்வி கேட்பதில்லை. கிளினிக் நாள் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள்.

முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில், வீக்கத்தைத் தூண்டும் ஒரு புரதம் விடியற்காலையில் ஏறி, பிறகு இறங்கும். அதை அளந்தால், யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. நோயாளிகள் காலை ஏழு மணிக்கு வந்து ஒரு முறையும், மதியம் இன்னொரு முறையும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள்.

ஒருவரும் வரவில்லை. மறுவாரம் ஒருவர் வந்தார், அதுவும் வெயில் நன்றாக ஏறிய பிறகு. சரி என்று தலையாட்டியவர்களெல்லாம் ஏன் கம்பி நீட்டுகிறார்கள் என்று புரியாமல், வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய் அழாத குறையாக நின்றாள்.

"கடைசியா கிளினிக்ல எப்போ உட்கார்ந்த?" என்று கேட்டார் அவர்.

"அன்னிக்குப் பார்த்துத்தான் மேடம் எலிக்கூண்டு கழுவ வேண்டியிருக்கு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"முதல்ல போய் உட்காரு. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்."

போனாள். மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். எதிரே பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண், விரல் கணுக்கள் வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையில விறைப்பு எப்படிம்மா இருக்கு?" என்றார் மருத்துவர்.

"பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியல டாக்டர். ஒன்பது மணிக்கு மேலதான் இந்தக் கை என் பேச்சைக் கேக்குது. காலை டிரிப்பை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன். சாயங்காலம் மட்டும்தான் ஓட்டுறேன்."

எலி டாக்டர் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

"ஐயோ, உங்களைப் பார்த்து இல்ல! என்னை நினைச்சுத்தான்" என்றாள், முகம் சிவக்க. "காலையில எழுந்திரிக்கவே முடியாத நோய்க்கு, ஏழு மணிக்கு வந்து நில்லுங்கன்னு சொல்லியிருக்கேன். இந்தக் காலை விறைப்பைப் பத்தி என் ஆய்வேட்டில ஒரு அத்தியாயமே எழுதினவ நான்!"

வேன்காரப் பெண்ணும் சிரித்துவிட்டார். "அந்த ஏழு மணி உத்தரவு நீங்கதானா? யாரோ எங்களைக் கேலி பண்றாங்கன்னு நினைச்சேன்."

நேரத்தைத் தள்ளிப்போட வழியில்லை. விடியற்காலை ரத்தம்தான் வேண்டும். அவர்கள் வர முடியாதென்றால் அவள்தான் போக வேண்டும். நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியாயிற்று. ஆனால் மனிதக் கையில் ஊசி குத்தி அவளுக்குப் பழக்கமில்லை. கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கிளினிக் நர்ஸ்தான் ஏற்றுக்கொண்டார். ரப்பர் கையில் குத்திக் குத்திக் கொஞ்சம் தேறியதும், "ரப்பர் எதையும் தாங்கும். உசிருள்ள கையைக் கூட்டிட்டு வா" என்றார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். "நம்ம நரம்பைப் பாருங்க சிஸ்டர், கயிறு மாதிரி இருக்கு!" ஊசியின் மூடியை அவள் கழற்றியதுதான் தாமதம், கயிறும் ஆளும் நாற்காலியிலிருந்து சரிந்தார்கள். அவனுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைத்துவிட்டு, நர்ஸ் தன் கையையே நீட்டினார். "குத்து. நான் விழமாட்டேன்."

முதல் வீடு வேன்காரப் பெண்ணுடையது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் நர்ஸும் மாடியேறி மணியடித்தார்கள். "வரேன்... வரேன்" என்று குரல் மட்டும் முதலில் வந்தது. அப்புறம் செருப்பு தேயும் ஓசை. அப்புறம் தாழ்ப்பாளோடு ஒரு போராட்டம். விரல்களால் முடியாமல் முழங்கையால் தள்ளுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவள் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். இத்தனை வருஷம் படித்த நோயை அன்றைக்குத்தான் காதால் கேட்டாள்.

கதவு திறந்தது. "உள்ள வாங்க. இன்னிக்குப் பெரிய வேலை முடிஞ்சாச்சு" என்று சிரித்தார் அந்தப் பெண். ரத்தம் ஒரே குத்தில் வந்தது. அதன் பிறகு எலி டாக்டருக்குக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

செய்தி பரவி, கேட்டவர்கள் எல்லோருமே கதவைத் திறந்தார்கள். அவள் எதிர்பார்த்தது பாதிதான் சரியாக வந்தது. புரதம் எவ்வளவு ஏறுகிறது என்பது, எந்த மருந்து கேட்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்பது கொஞ்சம் சொன்னது. அந்தக் கொஞ்சத்தை மூட்டு நோய் நிபுணர்களின் பெரிய கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, "விடிஞ்சும் விடியாம வீடு வீடாப் போனீங்களே, யாரும் திட்டலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"நாய்ங்க மட்டும் திட்டுச்சு சார்."

அரங்கம் அதிர்ந்தது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்தது. வேன்காரப் பெண்ணுக்கு மருத்துவர் மாற்றிக் கொடுத்த மருந்து நன்றாகக் கேட்டு, காலை டிரிப்பும் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

அடுத்து கால் கட்டைவிரலைப் பிடிக்கும் கௌட் நோய் பற்றிய ஆராய்ச்சி. விஷயத்தை நர்ஸிடம்தான் முதலில் சொன்னாள்.

"அது நடுராத்திரியிலதானே வலிக்க ஆரம்பிக்கும்?" என்றார் நர்ஸ், சந்தேகமாக.

"ஆமா சிஸ்டர்."

நர்ஸ் கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். "அம்மா தாயே, நான் மாற்றல் வாங்கிட்டுப் போறேன்" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி, "வண்டி ஏற்பாடு பண்ணிடு. அந்நேரத்துல பஸ் இருக்காது" என்றார்.