தட்டை நாட்டில் நீல மலை

1996 மார்கழி, சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஊரைவிட்டு வந்து குடியேறிய மில்லிக்கனில் கெனடி வீதி பஸ் ஏறினோம். ஆளுக்கு இரண்டு டொலர். ரயிலுக்கு மாறும்போது காட்டவென்று பஸ்காரர் தந்த ட்ரான்ஸ்ஃபர் துண்டைத் துலைத்துவிடுவேனோ என்று கையுறைக்குள் பொத்திப் பிடித்தபடி வந்தேன். பக்கத்தில் என் மனிசியின் தமையன், சிவம் மச்சான்.

அவருடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அடுத்த கிழமை சாமத்தியச் சடங்கு. மணவறைக்குப் பின்னால் தொங்கவிடும் சீலைப் படத்தை நான்தான் கீறுகிறேன். வயல், பனை, தூரத்தில் நீல மலை. சண்டை அந்த மலையில்தான்.

“யாழ்ப்பாணத்தில எங்க ஐசே மலை? வாற சனம் சிரிக்கும். மலையை அழியும்.”

“மலை இல்லாட்டி வயல் முடியிற இடம் மதில் மாதிரி நிக்கும் மச்சான்.”

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒன்றைச் சொன்னால், பிழையோ என்று பிறகு நித்திரை வராது. ரவுணில், நகர நடுவில் உள்ள கலைக்கூடத்தில் பழைய வயற்படங்கள் இருப்பதாக வேலையிடத்தில் சொன்னார்கள். அவற்றிலும் மலை இல்லையென்றால் அழிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

கெனடி ஸ்ரேசனில் சுரங்க ரயில். சென். ஜோர்ஜில் மாறி, சென். பற்றிக்கில் இறங்கி, குளிருக்குள் மேற்கே நடந்தோம்.

கலைக்கூடத்துக்குள், ஃபிளாண்டர்ஸ் என்ற வெள்ளைக்கார நாட்டில் நானூறு, ஐந்நூறு வருசத்துக்கு முதல் கீறிய படங்கள். ஒன்று சோற்றுக்கோப்பை அளவுதான். முன்னுக்கு மண்ணிறம், நடுவில் பச்சை, கடைசியில் நீலம். கதிர் வெட்டுகிறார்கள், ஒருத்தரும் களைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், மலை!

ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்த பெண் அந்தப் படத்தைக் காட்டி இங்கிலிசில் விளங்கப்படுத்தினாள். எனக்கு இங்கிலிஸ் அரைகுறை; மச்சான் அடுத்த படத்துக்கு நகரப் பார்த்தார்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லை.”

“மவுண்டன் எண்டவள். எனக்குக் கேட்டது.”

“அவையின்ர நாடு தட்டையாம். அங்க உப்பிடி மலையே இல்லையாம். வடிவுக்கு வைச்சவையாம்.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தான். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“அப்ப அவன் பொய்யன்,” என்றார் மச்சான். “கதிர் வெட்டுறவன் போட்டிருக்கிற சேட்டைப் பாரும். ஒரு ஊத்தை இருக்கே?”

“ஏன் இருக்கவேணும்? உங்கட பெட்டை சடங்கு அண்டு ஜீன்ஸோடயே மணவறையில இருக்கப்போறாள்?”

திரும்பும் பஸ்ஸில் ஸ்ரீல்ஸ் வீதி வரைக்கும் தட்டை நிலம், பிளாசாக் கடைகள், ஊத்தைப் பனி. இதையா ஒருவன் சீலையில் கீறித் தொங்கவிடுவான்?

“சரி, சின்னனாக் கீறும்,” என்றார் மச்சான், இறங்கும்போது.

அன்று பின்னேரமே வீட்டுப் பேஸ்மென்ரில் சீலையை விரித்து, மலையை இன்னும் ஒரு முழம் உயர்த்தினேன். பெட்டை மணவறைக் கதிரையில் இருந்தால் அது மறைந்துபோகுமே என்றுதான் எனக்குப் பயம்.